சடையாளம்பட்டி மண்

முத்திருளனின் மூத்த மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் ஒன்றரை மணி நேரம் பிந்தி வந்தார்கள். முகூர்த்தம் போய்விட்டது. அடுத்த நல்ல நேரம் வருவதற்குள் சாம்பாரை இரண்டு முறை சூடு பண்ணினார்கள். மூன்றாம் முறை அது அடிப்பிடித்தது. அந்த வாசனை எங்கள் தெருவில் இரண்டு நாள் இருந்தது.

பிந்தியதற்குக் காரணம் அவர்கள் வந்த லாரியும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. எங்கள் ஊர்ப் பெயர் எங்குமே எழுதியிருக்கவில்லை. நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி மேற்கே போனால் ரோடு பிரிகிற ஒரு விலக்கு வரும். அங்கிருந்து முக்கால் மைல் நடந்தால் சடையாளம்பட்டி, நாற்பத்திரண்டு வீடு. ஆனால் கண்டக்டருக்கு அது கீழநத்தம் விலக்கு. தபால்காரருக்குக் கீழநத்தம் தபால். வாக்காளர் பட்டியலில் கீழநத்தம், நாலாவது வார்டு. மாப்பிள்ளை வீட்டாரும் விசாரித்துக்கொண்டு நேராகக் கீழநத்தத்துக்கே போய் இறங்கிவிட்டார்கள். அங்கே பஞ்சாயத்துத் தலைவர் கருத்தக்கண்ணன் எல்லாரையும் உட்காரவைத்து, காப்பி கொடுத்து, ஏழு தலைமுறை விசாரித்துவிட்டுச் சாவகாசமாகச் சொன்னாராம்:

"சடையாளம்பட்டியா? அது ஊரில்லையே. நம்ம காட்டு வீடுகளாச்சே."

கருத்தக்கண்ணன் முத்திருளனுக்கு மச்சான் முறை. பத்திரிகை வைக்கும்போது தாம்பாளத்தில் வெற்றிலை குறைந்திருந்தது என்று அவருக்கு ஒரு வருத்தம். அதை அவர் வாயால் சொல்லவில்லை; காப்பியால் சொன்னார்.

அன்றிலிருந்து முத்திருளனுக்கு ஒரே வெறி. சர்க்கார் தன் கையால் எங்காவது ஒரு தரம் ஊர்ப் பெயரை எழுத வேண்டும். எத்தனை மனு போட்டார் என்று அவருக்கே கணக்கு இல்லை. கடைசியில் அவரே தகரத்தில் பெயிண்ட் அடித்து விலக்கில் நட்டார். ரோட்டுக்காரர்கள் அனுமதி இல்லை என்று பிடுங்கிப் போட்டார்கள். அந்தத் தகரம் இப்போது யார் வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கதவாக இருக்கிறது என்று சொன்னால் எனக்குத்தான் வம்பு.

எழுபத்தொன்பதாம் வருஷம் மாசி மாதம் ஒரு ஜீப் வந்தது. மண் ஆய்வு ஆபீசிலிருந்து அழகுமலை என்று ஓர் அதிகாரி. அவரும் கூட வந்த இரண்டு ஆட்களும் பண்ணிய வேலையைப் பார்க்க ஊரே கூடிவிட்டது. மண்ணை எச்சில் ஈரத்துக்குப் பிசைந்து முறுக்கு மாதிரி நீட்டிப் பார்ப்பார். ஒரு பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டு விடுவார். மண் சோடா மாதிரி நுரைக்கும். அப்புறம் ஒரு புத்தகத்தை விரித்து, அதில் ஒட்டியிருந்த வர்ணச் சதுரங்களோடு மண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பார்.

"சேலைக்கு சட்டைத் துணி எடுக்க வந்தவரு மாதிரியில்ல பாக்குறாரு," என்றாள் அன்னக்கொடி. முத்திருளனின் மனைவி. அவள் வாயைத் திறந்தால் சபை கலையும் அல்லது கூடும்.

சாயங்காலம் டீக்கடையில் அழகுமலை தன் தொழிலைப் பற்றிப் பேசினார். கேட்கிறவர்கள் இத்தனை பேர் அவருக்கு எங்கேயும் கிடைத்திருக்க மாட்டார்கள்.

"மனுசனுக்கு மாதிரி மண்ணுக்கும் பேரு இருக்குங்க. செவல், கரிசல்ன்றதெல்லாம் சாதிப் பேரு மாதிரி. அதுக்குள்ள ஒவ்வொண்ணுக்கும் தனிப் பேரு. கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு கரிசலுக்கு பீளமேடுன்னு பேரு. ஒரு செவலுக்கு இருகூர். எங்க மொதல்ல குழி வெட்டிப் பாத்து எழுதுறமோ, அந்த ஊர்ப் பேரு. சீரிஸ்னு சொல்லுவோம். அப்புறம் அதே மண்ணு எந்த ஜில்லாவுல கெடந்தாலும் பேரு அதேதான்."

முத்திருளன் டீ கிளாசைக் கீழே வைத்தார். "புஸ்தகத்துல போடுவீகளா சார்?"

"போடுவோம்."

"சர்க்கார் புஸ்தகத்துலயா?"

"டெல்லி வரைக்கும் போகும்."

"இங்கிட்டு யாரு ஊர்ப் பேரு வைக்கப் போறீக?"

"இந்தச் சுத்துல பேரில்லாத மண்ணு ரெண்டு விதம் இருக்கு. ஒரு ஊருக்கு ஒரு மண்ணுதான். எங்க குழி வெட்ட விடுறாங்களோ அங்க."

அன்று ராத்திரி முத்திருளன் சாப்பிடவில்லை என்று அன்னக்கொடி எனக்குச் சொன்னாள். பசியில்லாமல் இல்லை, சந்தோஷத்தில்.

மறுநாள் அழகுமலை முத்திருளனின் கிணற்றடிச் செவலைத்தான் கேட்டார். பார்க்கப் பார்க்கச் சிவப்பு, உதிர்ந்த புட்டு மாதிரி மண். ஆனால் அதில் நாற்பது நாள் கடலை நின்றது, பூவும் விழுதுமாய். ஆள் உயரக் குழி, ஒரு வாரம் நாலு பேர் மிதிப்பார்கள். முத்திருளன் குழியையும் பார்த்தார், கடலையையும் பார்த்தார். அவர் வீட்டில் ஒரு கடலை கீழே விழுந்தால் கோழிக்கு முன்னால் அவர் போய் எடுப்பார். அப்படிப்பட்டவர்.

"அது வேணாம் சார். கம்மாக்கரைக்கிட்ட சும்மா கெடக்கு ஒரு துண்டு நெலம். அங்க எம்புட்டு ஆழம் வேணாலும் வெட்டுங்க."

அந்தத் துண்டு எங்களுக்குத் தெரியாததா? எங்கள் துண்டும் அதை ஒட்டித்தான் இருக்கிறது. கோடையில் மேலே சாம்பல் பூத்துக் கிடக்கும். மழை பெய்தால் தண்ணீர் இறங்காது. வாரக்கணக்கில் அழுக்குக் காப்பி மாதிரி நிற்கும். வேலிக்கருவை கூட அங்கே மனசில்லாமல்தான் முளைக்கும்.

அழகுமலை நேர்மையான மனிதர். சொல்லத்தான் செய்தார். "இது களருங்க."

"களரும் மண்ணுதான சார்? பேரு எங்க ஊர்ப் பேருதான?"

"பேரு ஒங்க ஊர்ப் பேருதான்."

"அப்ப வெட்டுங்க."

செவலுக்கு இடம் வேண்டுமே. கீழநத்தத்தில் கருத்தக்கண்ணன் அப்போதுதான் சோளம் அறுத்துத் தரிசாகப் போட்டிருந்தார். தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள் என்று இளநீர் வேறு சீவிக் கொடுத்தார். அறுப்பு முடிந்திருந்தது என்பதைத் தவிர அதில் வேறு பெருந்தன்மை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊர்க் குழி இறங்க இறங்க முத்திருளன் கரையிலேயே உட்கார்ந்திருந்தார். ஊர்ப் பெயர் எப்படி வந்தது என்று அதிகாரி ஒரு பேச்சுக்குக் கேட்டதற்கு, சடைமுடிச் சாமியார் ஒருவர் தவம் இருந்த கதையை முக்கால் மணி நேரம் சொன்னார். "சாமியாருமில்ல, பூதமுமில்ல சார். கீழநத்தத்துல அண்ணன் தம்பி சண்ட போட்டு, தோத்தவுக இங்க வந்து குடிசை போட்டாக," என்றாள் அன்னக்கொடி. அழகுமலை இரண்டையும் எழுதவில்லை.

இரண்டு வருஷம் கழித்துப் புத்தகம் வந்தது. பழுப்பு அட்டை, இங்கிலீஷ். முத்திருளன் ஆபீசுக்கு நடந்த நடைக்கு இரக்கப்பட்டு அழகுமலையே ஒரு பிரதி தபாலில் அனுப்பி, ஊர்ப் பெயர் இருந்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, கோடு தெரியுமே. அந்தக் கோட்டை முத்திருளன் டீக்கடையில் காட்டினார், ரேஷன் கடையில் காட்டினார். கருத்தக்கண்ணன் வீட்டு வழியாக ஒரு வேலையும் இல்லாமல் இரண்டு தரம் போனார். புத்தகத்துக்கு மஞ்சள் குங்குமம் வைக்காத குறை.

ஒரு மாதம் இந்தக் கொண்டாட்டம் நடந்தது. அப்புறம்தான் யாருக்கோ அதைப் படித்துப் பார்க்கத் தோன்றியது. கிராம சேவக் ஜெயக்கொடி, உர டெப்போ வாசலில் வைத்து, சத்தமாகவே படித்துத் தமிழில் சொன்னார். சத்தமாகப் படிக்கச் சொன்னதே முத்திருளன்தான்.

"சடையாளம்பட்டி சீரிஸ். கடுங்களர். தண்ணீர் இறங்காது. காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகும். கடலை, வாழை, காய்கறி எதற்கும் உதவாது. சீர்திருத்தாமல் எந்தப் பயிரும் செய்யத் தகுதியற்றது."

டெப்போவில் நின்ற பதினைந்து பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். ஒருவன் மட்டும், "அண்ணே, கடைசி வரிய இன்னொருக்க படிங்க," என்றான். அவன் கீழநத்தத்துக்காரன்.

"சரி, புஸ்தகந்தான? யாரு படிக்கப் போறா?" என்று அன்னக்கொடி புருஷனைத் தேற்றினாள். அவள் கணக்கு தப்பியது அந்த ஒரு தடவைதான். புத்தகத்தை விவசாய ஆபீஸ்காரர்கள் அத்தனை பேரும் படித்தார்கள். அவர்களுக்கு அது எத்தனை வசதி! களர், வடிகால் இல்லை, ஜிப்சம் போட வேண்டும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ வேண்டும் என்று நீட்டி முழக்க வேண்டியதில்லை. "ஒங்களது சடையாளம்பட்டி" என்று சொன்னால் போதும். எண்பத்திரண்டில் பரவைச் சந்தையில் வெங்காயம் வாங்கப் போனவள் நானே கேட்டேன். முன்பின் பார்த்திராத ஒரு மனிதர் இன்னொருவரிடம், சர்க்கரை வியாதியைச் சொல்கிற மாதிரிக் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்:

"நமக்கு ஒண்ணரை ஏக்கர் சடையாளம்பட்டியாம்ப்பா."

"அடப் பாவமே. எப்பத் தெரிஞ்சது?"

நான் எந்த ஊர் என்று வெங்காயக்காரி கேட்டாள். கீழநத்தம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வருஷம்தான் முத்திருளனின் இரண்டாவது மகள் சீனியம்மாளைப் பெண் பார்க்க வந்தார்கள். பரவைக்கு வடக்கே நல்ல நிலபுலன் உள்ள குடும்பம். பெண் வந்து நின்றாள், பிடித்திருந்தது. கேசரி சாப்பிட்டார்கள், அதுவும் பிடித்திருந்தது. கை கழுவிக்கொண்டே மாப்பிள்ளையின் தகப்பனார் கேட்டார்.

"ஏங்க, இந்த ஊர்ப் பேருக்கும் அந்தக் களருக்கும் என்ன சம்பந்தம்? எங்க கொல்லையிலயும் அரை ஏக்கர் சடையாளம்பட்டி கெடக்கு. எங்க அப்பாரு காலத்துலருந்து ஒண்ணும் வெளங்கல."

முத்திருளன் துவாலையை நீட்டினார். "எங்க கடலைக் காட்டைப் பாத்துட்டுப் போங்க சம்பந்தி," என்றார். இருட்டிவிட்டது, இன்னொரு நாள் பார்க்கிறோம் என்றார்கள். மணி நாலரை.

சீனியம்மாளுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆறு மாதத்தில் கப்பலூரில் லேத்துப் பட்டறையில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை அமைந்தான். நிலமே இல்லாதவன். அவனுக்குச் சடையாளம்பட்டி என்றால் மாமியார் வீடு மட்டும்தான். ஆனால் முத்திருளனுக்கு அந்த நாலரை மணி இருட்டு கண்ணை விட்டுப் போகவில்லை. அழகுமலையின் ஆபீசைத் தேடி மதுரைக்கு பஸ் ஏறினார். எங்கள் வீட்டுக்காரரைத் துணைக்கு அழைத்துப் போனதால் நடந்தது நடந்தபடி எனக்குக் கிடைத்தது.

"பேர எடுத்துருங்க சார்."

அழகுமலை சிரிக்கவில்லை. "அச்சாகிப் போச்சுங்களே."

"அடிச்சிட்டு வேற பேரு எழுதுங்க. கம்மாய்ப் பேரு எழுதுங்க. எம் பேர வேணாலும் எழுதுங்க."

"ஆள் பேரெல்லாம் வைக்க முடியாது. வைக்கிற வரைக்கும்தான் நம்ம கையில. இப்ப நாலு ஜில்லா மேப்புல ஏறிப் போச்சு. ஒவ்வொண்ணுலயும் எப்படி மாத்துறது?"

"அப்ப எங்க கெணத்தடிச் செவல வந்து பாருங்க. அதுக்காச்சும் எங்க பேர வைங்க."

அழகுமலை ஒரு மேப்பை விரித்து விரலால் தேடினார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"அது கீழநத்தம் சீரிஸுங்க."

"என் காடா?"

"மண்ணு ஒண்ணுதானே. மொதல்ல அங்க வெட்டிட்டோம். நல்ல மண்ணுங்க. புஸ்தகத்துலயே முதல் தரம்னு போட்டிருக்கு."

முத்திருளன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கருத்தக்கண்ணன் ஊர்ப் பெயரில் தன் கடலை காய்க்கிறது. நாலு ஜில்லாவின் நாறல் எல்லாம் தன் பெயரில் நாறுகிறது. தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தார். குடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். பகல் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. இவரை எப்படியாவது அனுப்பிவைத்தால் போதும் என்று அழகுமலை ஒரு வார்த்தை விட்டார்.

"ஒங்க ஊர் எல்லையில அந்த மண்ணே இல்லன்னு ஆனா, மேல எழுதிக் கேட்டுப் பாக்கலாம். பேருக்கு மூல ஊர்லயே மண்ணு இல்லன்னா ஒரு நியாயம் இருக்குல்ல? ஆனா ஒரு சென்ட் கூட இருக்கக் கூடாது."

சும்மா சொன்னது. அதை முத்திருளன் சர்க்கார் உத்தரவாக எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

கிடாரிக் கன்று ஒன்றை விற்றார். ஜிப்சம் மூட்டை வண்டி வண்டியாய் வந்தது. துண்டைச் சுற்றி வரப்பு உயர்த்தி, வெள்ளை மாவாய்த் தூவி, கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சி நிறுத்தி, நாலைந்து நாளில் வடித்து, மறுபடி பாய்ச்சி நிறுத்தினார். தக்கைப்பூண்டு விதைத்தார். இடுப்பு உயரம் வந்ததும் மடக்கி உழுதார். எண்பத்து மூன்று தை மாதம் அந்தத் துண்டில் நெல் நின்றது. ஜில்லா அதிசயம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நெல்தான், பதர் இல்லை.

அதோடு விட்டாரா? அவர் துண்டு தீர்ந்தால் ஊர் தீர்ந்ததா? அந்தக் கம்மாய்க்கரையில் களர் பதினோரு துண்டு, பதினோரு பேருக்கு. அடுத்தது எங்களுடையது. ஒருநாள் விடியற்காலையில் வாசலில் வந்து நின்றார்.

"மதினி, ஒங்க துண்டுல ஜிப்சம் போட்டுக்கிருறேன். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்."

"எங்க வீட்டுக்காரரு என்ன சொல்றாகளோ," என்று நான் இழுத்தேன். சும்மா ஒரு மரியாதைக்கு. எங்கள் வீட்டுக்காரர் உள்ளே பல் விளக்குவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணனுக்கு நான் சொல்லிக்கிருறேன். தண்ணியும் எங்கெணத்துத் தண்ணி."

இப்படியாக எங்கள் துண்டு நல்ல துண்டாயிற்று. செய்தி பரவியதும் ஊரில் எல்லாருக்கும் ஊர் மானத்தில் திடீர் அக்கறை வந்தது. "அண்ணே, நாலு ஜில்லாவுல நம்ம பேரு நாறுறது எங்க துண்டாலதாண்ணே" என்று ஒவ்வொருவராகப் போய் உருகினார்கள். ஒருவர், களரே இல்லாத துண்டைக் களர் என்று சொல்லி இரண்டு வண்டித் தக்கைப்பூண்டுத் தழை வாங்கிக்கொண்டார். அவர் பெயர் எனக்குத் தெரியும்.

"ஊர்க்காரன் காட்டுக்கெல்லாம் ஒரம் போடுற. வீட்டுக் கூரை மேல கெடக்குற ஓலையப் பாத்தியாய்யா?" என்று அன்னக்கொடி கம்மாய்க்கரையிலேயே நின்று கத்தினாள்.

"இன்னும் நாலு துண்டுதான் அன்னக்கொடி. முடிச்சுட்டா பேரு போயிரும்."

"பேரு போகவா இம்புட்டு? அதை வாங்கத்தானய்யா அன்னைக்குச் சோறு தண்ணி இல்லாம கெடந்த?"

அவர் அடுத்த மூட்டையைத் தூக்கினார்.

எண்பத்து நாலு புரட்டாசியில் பத்துத் துண்டும் முடிந்தன. அழகுமலைக்கு ஜெயக்கொடி மூலமாகக் கடிதம் போனது. வந்து பார்க்கிறேன் என்று பதிலும் வந்துவிட்டது. தேதி கூடப் போட்டிருந்தது. பாக்கி ஒரே ஒரு துண்டு, முப்பது சென்ட். எங்கள் ஊர் எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் பட்டா கீழநத்தம் கருத்தக்கண்ணன் பேரில்.

முத்திருளன் அவரைத் தேடிப் போகவில்லை. அதற்கு ரோசம் விடவில்லை. வண்டியில் மூட்டையை ஏற்றி, அவர் கம்மாய்க்கரைப் பக்கம் வருகிற நேரம் பார்த்து அங்கே நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். ஆட்டுக்குப் புல் அறுக்கிற சாக்கில் நானும் பக்கத்து வரப்பில் இருந்தேன். அன்றைக்கு ஆட்டுக்கு வீட்டில் தழை நிறையக் கிடந்தது என்பது வேறு விஷயம்.

கருத்தக்கண்ணன் வந்தார். மூட்டையைப் பார்த்தார். பத்துத் துண்டிலும் பச்சை நிற்பதைப் பார்த்தார். நடுவில் தன் முப்பது சென்ட் மட்டும் வெளுத்துக் கிடப்பதையும் பார்த்தார்.

"என்ன மாப்ள, வண்டி?"

"ஒங்க துண்டுல போட்டுவிடலாம்ன்டு மச்சான். செலவு என்னோடது. ஒழவும் என்னோடது."

"அதிகாரி வாராரு போல."

"வர்ற வியாழக்கெழம."

"ம்." கருத்தக்கண்ணன் குனிந்து ஒரு கட்டியை எடுத்தார். விரலால் நசுக்கிப் பார்த்தார், நசுங்கவில்லை. அதைப் பதமாக, பூச்செடிக்கு மண் வைக்கிற மாதிரி, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"வேணாம் மாப்ள. இது இப்பிடியே கெடக்கட்டும்."

"மச்சான், முப்பது சென்ட்ல நெல்லு வெளையும் மச்சான். சும்மா கெடக்குறத…"

"எனக்கு நெல்லுக்கா பஞ்சம்? நெல்லு எங்க வேணாலும் வெளையும். ஒங்க ஊர்ப் பேரச் சொல்ல இது ஒண்ணுதான இருக்கு. அதையும் அழிச்ச பாவம் எனக்கு எதுக்கு?"

மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கருத்தக்கண்ணன் நடந்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, அதிகாரி வந்தால் வீட்டுக்கு அழைத்து வரும்படியும், காப்பி போட்டு வைக்கச் சொல்வதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

முத்திருளன் நுகத்தைப் பிடித்தபடி நின்றார். மாடுகள் இரண்டு தரம் கிளம்பப் பார்த்தன, அவர் விடவில்லை. அவர் என் பக்கம் திரும்புவதற்குள் நான் குனிந்து புல் அறுக்க ஆரம்பித்தேன். எங்கள் துண்டில் வரப்போரம் புல் நன்றாகத்தான் வளர்ந்திருந்தது.